பார்ட் பழுதா, போர்டு பழுதா?

லேபில் ஒரு சர்க்யூட் வேலை செய்யவில்லை. ஒரு ஐசி மேல் சந்தேகம். என்ன பண்ணுவீங்க? அதைக் கழற்றி, பக்கத்து டேபிளில் நல்லா ஓடிக்கிட்டிருக்கிற போர்டில் மாட்டிப் பார்ப்பீங்க. அங்கே ஓடினால் ஐசி மேல் தப்பில்லை, பழுது நம்ம போர்டில். அங்கேயும் ஓடவில்லை என்றால் ஐசி காலி. தியரி எதுவும் தேவையில்லாத, ரொம்ப பழைய டெஸ்ட் இது.

மனிதர்களை இப்படிக் கழற்றி மாட்ட முடியாது. ஒருத்தர் ஒரு இடத்தில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்து ஒன்றும் நடக்கவில்லை என்றால், தப்பு அவர் மேலா, அந்த இடத்து மேலா என்று கடைசி வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டே இருக்கலாம். ஆனால் 2021-ல் அமெரிக்க ஃபுட்பாலில் கிட்டத்தட்ட இந்த டெஸ்ட்டையே செய்துவிட்டார்கள். டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் குவாட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபோர்டைக் கழற்றி லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியில் மாட்டினார்கள். ராம்ஸின் ஜாரெட் காஃப் டெட்ராய்ட்டுக்குப் போனார். ரிசல்ட் வந்த பிறகும் ரசிகர்கள் சண்டையை நிறுத்தவில்லை. ஏன் நிறுத்தவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஆட்டம். ஃபுட்பால் என்றதும் மெஸ்ஸி ஞாபகம் வந்தால் கொஞ்சம் ஓரமா வைங்க. இது முட்டை வடிவப் பந்து, ஹெல்மெட், மோதல். பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணி நாலு முயற்சிக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நாலு முயற்சி. இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், 6 பாயிண்ட். ஒவ்வொரு முயற்சியிலும் பந்தைக் கையில் வாங்கி, மூணு நாலு செகண்டுக்குள் யாருக்கு எறிவது, யாரிடம் கொடுத்து ஓடவிடுவது என்று முடிவு பண்ணுகிறவர்தான் குவாட்டர்பேக். அந்த மூணு செகண்டும் ராட்சச உடம்புக்காரர்கள் அவரை நசுக்கத்தான் ஓடி வருகிறார்கள். அவர்களைத் தடுக்க இவர் முன்னால் ஐந்து பேர் சுவர் மாதிரி நிற்பார்கள்.

இங்கே ஒரு விஷயம் முக்கியம். தாக்குதலுக்கு ஒரு 11 பேர், தடுப்புக்கு வேறு 11 பேர். எதிரணியிடம் பந்து இருக்கும் நேரம் முழுக்க குவாட்டர்பேக் பெஞ்சில் தண்ணி குடிச்சிக்கிட்டு உட்கார்ந்திருப்பார். அணியில் மொத்தம் 53 பேர். ஆனாலும் வெற்றி தோல்விக் கணக்கை இவர் பெயரில்தான் எழுதுவார்கள். க்ரூப் ப்ராஜெக்ட்டில் பிபிடி ப்ரெசென்ட் பண்ணினவனுக்கு மட்டும் மார்க் போடற மாதிரி.

ஸ்டாஃபோர்டின் டெட்ராய்ட் கணக்கு: 74 வெற்றி, 90 தோல்வி, ஒரு டிரா. லீக் முடிந்து நடக்கும் நாக்-அவுட் சுற்றான ப்ளேஆஃபில் மூன்று மேட்ச், மூன்றும் தோல்வி. அதே பன்னிரண்டு வருஷத்தில் அவர் எறிந்த தூரம் 45,109 யார்டு, டச்டவுன் பாஸ் 282. இரண்டு வரியும் ஒரே ஆளைப் பற்றித்தான். எந்த வரியை முதலில் படிக்கிறீங்களோ, அதை வைத்து நீங்க எந்தக் கட்சி என்று சொல்லிவிடலாம்.

எந்த போர்டில் மாட்டினார்கள்?

லயன்ஸ் கடைசியாக சாம்பியன் ஆனது 1957-ல். அடுத்த வருஷமே தங்கள் நட்சத்திர குவாட்டர்பேக் பாபி லேனைப் பிட்ஸ்பர்குக்கு அனுப்பினார்கள். போகும்போது அவர் 'இன்னும் 50 வருஷம் நீங்க ஜெயிக்க மாட்டீங்க' என்று சாபம் விட்டதாக ஊரில் ஒரு கதை. நான் சாபத்தை நம்புகிற ஆள் இல்லை. ஆனா சரியா 50 வருஷம் கழிச்சு, 2008-ல், லயன்ஸ் 16 மேட்ச் ஆடி 16-லும் தோற்றது. லீகில் 16 மேட்ச் சீசன் வந்த பிறகு அப்படி ஒரு முழு பூஜ்ஜியத்தை வாங்கிய முதல் அணி அதுதான். 1957-க்கும் 2008-க்கும் நடுவில் ஜெயித்த ப்ளேஆஃப் மேட்ச் ஒரே ஒன்று, 1992 ஜனவரியில்.

இந்த லீகில் கடைசி இடம் பிடித்த அணிக்குப் புது ஆட்களை எடுப்பதில் முதல் சான்ஸ். இதற்குப் பெயர் டிராஃப்ட். அப்படித்தான் 2009-ல் ஜார்ஜியா யூனிவர்சிட்டியில் ஆடிக்கொண்டிருந்த 21 வயது ஸ்டாஃபோர்ட் டெட்ராய்ட்டுக்கு வந்தார். (லேன் படித்த அதே டல்லாஸ் ஹைஸ்கூலில் படித்தவர் என்பதை வைத்துச் சாபக் கட்சிக்காரர்கள் வேறு ஒரு எபிசோட் ஓட்டுவார்கள். விடுங்க.) 21 வயது. இதைப் படிக்கிற ஃபைனல் இயர் ஆட்கள் வயசு. உலகத்திலேயே மோசமான அணி, அதைத் தூக்கி நிறுத்து என்று கையில் கொடுத்துவிட்டார்கள். நம்மைப் போல ஆஃபர் லெட்டரை ஒப்பிட்டுப் பார்த்து வேற கம்பெனி எடுக்கிற வசதி டிராஃப்டில் கிடையாது.

அந்த முதல் வருஷ நவம்பரிலேயே நடந்த ஒரு மேட்சை டெட்ராய்ட் ரசிகர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். எதிரணி கிளீவ்லேண்ட் பிரௌன்ஸ். 37-31 என்று லயன்ஸ் பின்தங்கி இருக்கிறது, நேரம் முடிந்துவிட்டது. கடைசி எறிதலில் ஸ்டாஃபோர்டை ஒருவர் மோதித் தள்ள, இடது தோள்பட்டை மூட்டு விலகிவிட்டது. எதிரணி செய்த தவறால் கோட்டுக்கு ஒரு யார்டு தூரத்தில் இன்னும் ஒரே ஒரு முயற்சி கிடைத்தது. டாக்டர்கள் இவரைச் சுற்றி நிற்க, மாற்று வீரர் உள்ளே போகிறார். அந்த நேரம் பார்த்து பிரௌன்ஸ் டைம்-அவுட் கேட்டார்கள். கிடைத்த இடைவெளியில் இவர் டாக்டர்களிடமிருந்து எழுந்து உள்ளே ஓடி, தொங்குகிற தோளோடு டச்டவுன் எறிந்தார். 38-37. அன்றைக்கு அவர் சட்டையில் மைக் மாட்டியிருந்ததால், அந்த வலிக் கத்தல் முழுக்கப் பதிவாகியிருக்கிறது. பார்க்கிறதுக்கே நமக்கு வலிக்கும்.

பிறகு 2011 முதல் 2019 வரை தொடர்ச்சியாக 136 மேட்ச், ஒன்றைக்கூட விடாமல் ஆடினார். கடைசியில் முதுகெலும்பு முறிவுதான் நிறுத்தியது.

சரி, இனி சண்டைக்கு வருவோம்.

'பழுது பார்ட்டில்' கட்சியை லேசாக எடுக்க வேண்டாம். அவர்கள் சொல்வது இது: நல்ல குவாட்டர்பேக் என்றால் சுமாரான அணியையும் தூக்க வேண்டும். இவர் வலுவான அணிகளோடு மோதும்போதெல்லாம் கவிழ்ந்தார். யார்டு எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாதீங்க. 2012-ஐ எடுத்துக்கோங்க. அந்த வருஷம் ஸ்டாஃபோர்ட் 727 முறை பந்தை எறிந்தார். அப்போதைக்கு அது லீக் சாதனை. 4,967 யார்டு. அணி எத்தனை மேட்ச் ஜெயித்தது? 16-ல் 4.

எப்படி என்று யோசிச்சுப் பாருங்க. பின்தங்கி இருக்கும் அணி நேரத்தை மிச்சம் பிடிக்க எறிந்துகொண்டே இருக்கும். ஓடினால் கடிகாரமும் ஓடும், எறிந்து தவறினால் கடிகாரம் நிற்கும். முன்னால் இருக்கும் எதிரணியும் சின்ன பாஸ்களை விட்டுக்கொடுத்துவிடும். ஆக, தோற்றுக்கொண்டே இருப்பதால் யார்டு கூடுகிறது. அதிக யார்டு என்பது திறமைக்கு அடையாளமாகவும் இருக்கலாம், தோல்விக்கு அடையாளமாகவும் இருக்கலாம். டேட்டா சயின்ஸ் எலெக்டிவ் எடுத்தவங்க இந்த இடத்தில் தலையாட்டுவீங்க.

இந்த வாதம் சரிதான். ஆனா அது பாதி வழியில் நின்றுவிடுகிறது. அணி ஏன் எப்போதும் பின்தங்கியே இருந்தது? ஏன் ஓடவே இல்லை? 2013 நவம்பரிலிருந்து 2018 செப்டம்பர் வரை, 70 மேட்ச், லயன்ஸில் ஒரே ஒரு வீரர்கூட ஒரு மேட்சில் 100 யார்டு ஓடவில்லை. மற்ற அணிகளில் அது அவ்வப்போது நடக்கிற சாதாரண விஷயம். ஓட மாட்டார்கள் என்று தெரிந்தால் எதிரணி என்ன பண்ணும்? நேராக குவாட்டர்பேக்கை நசுக்க வரும்.

அப்புறம் பணம். லீகில் ஒவ்வொரு அணிக்கும் மொத்தச் சம்பளத்துக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. 2011 வரைக்கும் டிராஃப்டில் முதலில் வருகிறவர்களின் சம்பளத்துக்குத் தனிக் கட்டுப்பாடு இல்லை. ஒரு மேட்சும் ஆடாத ஸ்டாஃபோர்டுக்கு 4 கோடியே 17 லட்சம் டாலர் உத்தரவாதம். அதற்கு முன் 2007-ல் கால்வின் ஜான்சன், பின் 2010-ல் இண்டாமுகன் சூ, இரண்டு பேரும் டிராஃப்டில் இரண்டாவது ஆள். மூன்று பேருமே அபார ஆட்டக்காரர்கள். ஆனா மூன்று பேர் தட்டில் சோறு போட்டதும் பானை காலி. மீதி 50 பேரில் எத்தனை நல்ல ஆளை வாங்க முடியும்? வருஷா வருஷம் கடைசி இடம் வந்ததற்குக் கிடைத்த பரிசே கழுத்துக்குச் சுருக்கானது. இதற்கு ஸ்டாஃபோர்ட் பொறுப்பா? அவர் வாங்கிய சம்பளம்தான், ஆனா விதியை எழுதினது அவர் இல்லை.

'கல்ச்சர்' என்கிற வார்த்தை

இந்த விவாதத்தில் ரொம்ப அடிபடும் வார்த்தை 'கல்ச்சர்'. ப்ளேஸ்மெண்ட் டாக்கில் எச்.ஆர். ஆட்கள் போடும் முதல் ஸ்லைடு மாதிரி, யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் சொல்லலாம். ஜெயித்தால் நல்ல கல்ச்சர், தோற்றால் கெட்ட கல்ச்சர் என்று ரிசல்ட்டைப் பார்த்துப் பெயர் வைத்தால் அதற்கு அர்த்தமே இல்லை. அளக்க முடிகிற மாதிரி ஏதாவது வேணும். என் கணக்கு இது: ஒரு அணி தன் சிறந்த ஆட்களை எப்படி வழியனுப்புகிறது என்று பாருங்க. ஜெயிப்பது தோற்பது அதிர்ஷ்டத்திலும் இருக்கிறது. வழியனுப்புவது முழுக்க அணியின் கையில்தான் இருக்கிறது.

பாரி சாண்டர்ஸ். லயன்ஸின் ஓட்டக்காரர், ஆட்டத்தின் வரலாற்றிலேயே தலைசிறந்தவர்களில் ஒருவர். 1999-ல், 31 வயதில், காயம் எதுவும் இல்லாமல், வாழ்நாள் ஓட்டச் சாதனைக்கு இன்னும் 1,457 யார்டுதான் பாக்கி என்ற நிலையில் ஓய்வு பெற்றார். சொந்த ஊர் பத்திரிகைக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பினார், அவ்வளவுதான். அணி அவரிடம் போனஸ் பணத்தைத் திருப்பிக் கேட்டது.

கால்வின் ஜான்சன். 2012-ல் ஒரு சீசனில் 1,964 யார்டு பிடித்து சாதனை. 2015 சீசன் முடிந்ததும், 30 வயதில், உடம்பு தாங்கவில்லை என்று நிறுத்தினார். அவரிடமும் அணி 10 லட்சம் டாலருக்கு மேல் திரும்ப வாங்கியது. அவர் வருஷக்கணக்கில் அந்தப் பக்கமே வரவில்லை. ஒருவர் இப்படிப் போனால் தற்செயல். பதினேழு வருஷ இடைவெளியில் இரண்டு பேர் ஒரே மாதிரி போனால், அது அந்தக் கட்டிடத்தின் பழக்கம்.

கோச்சுகள் கதையும் உண்டு. ஜிம் கால்ட்வெல் நாலு வருஷத்தில் 36 வெற்றி, 28 தோல்வி கொடுத்தார். லயன்ஸ் கணக்கில் அது பொற்காலம். 2017-ல் 9-7 என்று முடித்ததும், இது போதாது என்று அனுப்பிவிட்டார்கள். பதிலுக்கு வந்தவர் மேட் பட்ரீசியா. நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியிலிருந்து வந்தவர். அங்கே கண்டிப்பு, ரகசியம், கோச் சொன்னதே சட்டம் என்ற முறை. ஆறு கோப்பை வாங்கிய முறை. அதை அப்படியே டெட்ராய்ட்டில் காப்பி-பேஸ்ட் பண்ணினார். ஒரு பிரஸ் மீட்டில் கேள்வி கேட்ட நிருபரை நிமிர்ந்து உட்காரச் சொன்னார். சக வீரர்கள் முன்னால் தன்னை அவமானப்படுத்தினார் என்று அணியின் சிறந்த தடுப்பாட்டக்காரர்களில் ஒருவரான டேரியஸ் ஸ்லே வேறு அணிக்குப் போனபோது வெளிப்படையாகச் சொன்னார். பட்ரீசியாவின் கணக்கு 13 வெற்றி, 29 தோல்வி, ஒரு டிரா. கண்டிப்பை ஏற்றுக்கொள்ள முதலில் நம்பிக்கை வேணும். பேட்ரியட்ஸ் வீரர்களிடம் அந்த நம்பிக்கை கோப்பைகளால் வந்தது. டெட்ராய்ட்டில் எதை நம்பச் சொல்வது?

2020 ஜூனில் அணியின் உரிமை ஃபோர்ட் குடும்பத்தில் அடுத்த தலைமுறைக்கு, ஷீலா ஃபோர்ட் ஹாம்புக்கு வந்தது. கார் கம்பெனி ஃபோர்ட் குடும்பமேதான். அந்த நவம்பரிலேயே பட்ரீசியாவை அனுப்பினார். சீசன் முடிந்ததும் ஸ்டாஃபோர்ட் 'என்னை வேறு அணிக்கு அனுப்புங்க' என்று கேட்டார். இங்கேதான் எனக்கு முதல் மாற்றம் தெரிகிறது. சாண்டர்ஸ் ஃபேக்ஸ் அனுப்ப வேண்டியிருந்தது. ஜான்சனிடம் பணம் பிடுங்கினார்கள். ஸ்டாஃபோர்ட் கேட்டார், அணி சரி என்றது, நல்ல விலைக்கு நல்ல அணிக்கு அனுப்பியது. புது கோச் ஒரு மேட்ச் ஆடுவதற்கு முன்பே இது நடந்தது.

டெஸ்ட் ரிசல்ட்

டீல் இது: ஸ்டாஃபோர்ட் ராம்ஸுக்கு. பதிலுக்கு லயன்ஸுக்கு ஜாரெட் காஃப், கூடவே 2022, 2023 இரண்டு வருஷத்தின் முதல் சுற்று டிராஃப்ட் உரிமைகள், 2021-ல் மூன்றாம் சுற்று ஒன்று. காஃப் வீணான ஆள் இல்லை. 2016-ல் டிராஃப்டின் முதல் ஆள், 2018 சீசனில் ராம்ஸை சூப்பர் பௌல் வரை கொண்டு போனவர். ஆனா அந்த ஃபைனலில் ராம்ஸ் எடுத்தது மொத்தம் 3 பாயிண்ட். கோச் ஷான் மெக்வேக்கு அவர் மேல் நம்பிக்கை போய்விட்டது. அதாவது லயன்ஸுக்கு வந்த பார்ட்டும், நல்ல போர்டிலிருந்து 'பழுது' என்று கழற்றப்பட்டதுதான்.

முதல் வருஷமே ராம்ஸ் சாம்பியன். ஸ்டாஃபோர்ட் 41 டச்டவுன் எறிந்தார். ப்ளேஆஃபில் தொடர்ந்து நாலு வெற்றி. 2022 பிப்ரவரி 13 அன்று சின்சினாட்டி பெங்கால்ஸை 23-20 என்று ஜெயித்தார்கள். கடைசி நிமிடங்களில் 15 முயற்சியில் 79 யார்டு நகர்ந்து வெற்றி டச்டவுன். அந்த நகர்வில் ஒரு இடத்தில், ஒரு பக்கம் பார்த்துக்கொண்டே இன்னொரு பக்கம் கூப்பர் கப்புக்கு எறிந்தார். எதிரணித் தடுப்பாட்டக்காரர் கண்ணைப் பார்த்து ஏமாந்தார். டெட்ராய்ட்டில் 'டெட்ராய்ட் ராம்ஸ்' என்று டி-ஷர்ட் போட்டுக்கொண்டு அந்த மேட்சைப் பார்த்தார்கள். தங்கள் ஊரை விட்டுப் போனவனுக்காக.

கேஸ் முடிஞ்சது, பழுது போர்டில்தான் என்றது ஒரு கட்சி. அவ்வளவு சீக்கிரம் முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலாவது, ராம்ஸ் போர்டு சும்மா நல்ல போர்டு இல்லை. 2020-ல் லீகிலேயே குறைந்த பாயிண்ட் விட்டுக்கொடுத்த தடுப்பு அவர்களுடையது. ஆரன் டானல்ட் அங்கே இருந்தார். கப் அந்த வருஷம் 1,947 யார்டு பிடித்தார். சீசன் நடுவில் வான் மில்லர், ஓடெல் பெக்கம் ஜூனியர் என்று நட்சத்திரங்களை வாங்கிப் போட்டார்கள். இரண்டாவது, ஸ்டாஃபோர்டின் பழைய குறையும் கூடவே வந்தது. அந்த வருஷம் எதிரணி கையில் 17 பாஸ் கொடுத்து, அதில் லீகின் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். மூன்றாவது, அதிர்ஷ்டம். 49ers அணியோடு நடந்த அரையிறுதியில், நாலாவது குவார்ட்டரில் அவர் எறிந்த ஒரு பந்து நேராக எதிரணி வீரர் கைக்குப் போனது. அவர் தவறவிட்டார். பிடித்திருந்தால் ராம்ஸ் வீட்டுக்குப் போயிருக்க வாய்ப்பு அதிகம். அப்போ இதே ஸ்டாஃபோர்டை நாம் 'பெரிய மேட்சில் சொதப்புகிறவர்' என்று எழுதிக்கொண்டிருப்போம். ஒரு மனுஷனோட பன்னிரண்டு வருஷத் தீர்ப்பு இன்னொருத்தர் விரலிடுக்கில் நழுவிய ஒரு பந்தில் மாறிவிடுகிறது. எனக்கு இந்த இடத்தில்தான் 'கோப்பை எத்தனை' என்ற கணக்கு மேலேயே நம்பிக்கை போனது.

டெட்ராய்ட் பக்கம் என்ன ஆச்சு? அதுதான் இன்னும் சுவாரஸ்யம். புது கோச் டான் கேம்ப்பெல். 16-க்கு 16 தோற்ற அந்த 2008 அணியில் வீரராக இருந்தவர். முதல் பிரஸ் மீட்டில், கீழே தள்ளினாலும் எழுந்திருக்கும்போது எதிரியின் முழங்கால் சில்லைக் கடித்துக்கொண்டே எழுவோம் என்றார். நாடே சிரித்தது. முதல் சீசன் 3-13-1. சிரித்தவர்கள் இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். இரண்டாவது சீசன் தொடக்கம் ஒரு வெற்றி, ஆறு தோல்வி. வழக்கப்படி இந்த இடத்தில் கோச் வேலை போகும். ஹாம்ப் மைதானத்துக்கு வந்து நிருபர்களிடம் கேம்ப்பெல் மேல் நம்பிக்கை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். மீதி பத்தில் எட்டு ஜெயித்தார்கள்.

இதைக் கல்ச்சர் என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. ஆனா கூடவே இதையும் சேர்த்துப் படிங்க. ஸ்டாஃபோர்டை விற்று வாங்கிய உரிமைகளைக் கைமாற்றி ஜேமிசன் வில்லியம்ஸ், ஜாஹ்மிர் கிப்ஸ், சாம் லபோர்ட்டா ஆகியோரை எடுத்தார்கள். இந்தத் தேர்வுகளைச் செய்த மேனேஜர் பிராட் ஹோம்ஸ், ராம்ஸிலிருந்து வந்தவர். காஃபை ஜொலிக்க வைத்த தாக்குதல் திட்டக்காரர் பென் ஜான்சன், பட்ரீசியா காலத்திலேயே 2019-ல் சின்ன வேலையில் சேர்ந்து அதே கட்டிடத்தில் உட்கார்ந்திருந்தவர். காஃபைக் காத்த சுவரில் டெய்லர் டெக்கர், ஃபிராங்க் ராக்னோ இருவரும் ஸ்டாஃபோர்ட் காலத்து ஆட்கள். அதாவது 'கெட்ட போர்டில்' நல்ல பாகங்கள் ஏற்கெனவே இருந்தன. அவற்றை யாரும் சரியாக இணைக்கவில்லை. கல்ச்சர் என்பது இணைப்பு வேலை என்று எடுத்துக்கிட்டா எனக்குப் புரிகிறது. மந்திரம் என்று எடுத்தால் புரியவில்லை.

காஃப் பக்கம்தான் டெஸ்ட் தெளிவாக இருக்கிறது. அதே ஆள், அதே அணி, 2021-ல் 3 வெற்றி, 2023-ல் 12 வெற்றி. பார்ட் மாறவில்லை, போர்டு மாறியது.

பிறகு நடந்ததை எந்தக் கதாசிரியர் எழுதியிருந்தாலும் 'ரொம்ப ஓவர்' என்று நாமே சொல்லியிருப்போம். 2024 ஜனவரி 14 இரவு, டெட்ராய்ட்டில் ப்ளேஆஃப்: லயன்ஸும் ராம்ஸும். காஃபும் ஸ்டாஃபோர்டும். (நமக்கு அது 15-ஆம் தேதி காலை, பொங்கல். வீட்டில் பால் பொங்குகிற நேரத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன திட்டு கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும்.) இரண்டு வருஷம் முன் டி-ஷர்ட் போட்டு வாழ்த்திய அதே ஊர், ஸ்டாஃபோர்ட் மைதானத்துக்குள் வந்ததும் கூச்சல் போட்டு விரட்டியது. காஃப் பெயரைக் கோஷமாகக் கத்தியது. 9-ஆம் நம்பர் ஸ்டாஃபோர்டின் நம்பர். ராம்ஸிலும் அதையேதான் போட்டிருந்தார். லயன்ஸ் பக்கம் அன்றைக்கு 9 போட்டிருந்தவர் வில்லியம்ஸ், அவரை விற்றதில் கிடைத்தவர்.

ஸ்டாஃபோர்ட் 367 யார்டு எறிந்தார். காஃப் 277. யார்டு கணக்கில் பழைய ஆள் ஜெயித்தார். ஆனா கோட்டுக்கு 20 யார்டுக்குள் ராம்ஸ் மூன்று முறை போயும் ஒரு டச்டவுன்கூட எடுக்க முடியாமல், ஒவ்வொரு முறையும் உதைத்து 3 பாயிண்ட்டோடு திரும்பியது. 24-23. லயன்ஸுக்கு 32 வருஷத்தில் முதல் ப்ளேஆஃப் வெற்றி. அதிக யார்டு, ஒரு பாயிண்ட் தோல்வி: ஸ்டாஃபோர்டின் டெட்ராய்ட் வாழ்க்கையை ஒரே இரவில் சுருக்கிக் காட்டின மாதிரி, இந்த முறை அதே மைதானத்தில் எதிர்ப்பக்கம் நின்று.

கூச்சல் போட்டது நியாயமா என்று ரசிகர்களுக்குள்ளேயே அடிதடி. தோள் மூட்டு விலகி ஆடினவனை விரட்டலாமா என்று ஒரு கூட்டம். ப்ளேஆஃப் மேட்சில் எதிரணிக் குவாட்டர்பேக்கைக் கொஞ்ச முடியுமா என்று இன்னொரு கூட்டம். நான் இரண்டாவது கூட்டம். முப்பது வருஷம் காத்திருந்த ஊர் அந்த மூன்று மணி நேரம் முழுக்கத் தன் அணி பக்கம் நின்றதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. நன்றியை மறுநாள் சொல்லிக்கொள்ளலாம்.

பாக்கி இருக்கும் பெரிய சண்டை, ஓஹையோ மாநிலம் கேன்டனில் இருக்கும் ஹால் ஆஃப் ஃபேம். ஓய்வு பெற்று ஐந்து சீசன் கழித்துத்தான் ஒருவர் பெயர் அங்கே போகும். ஒப்பிட ஒரு ஆள் ஏற்கெனவே இருக்கிறார். ஈலை மேனிங், நியூயார்க் ஜயண்ட்ஸ், இரண்டு சூப்பர் பௌல் கோப்பை, லீக் மேட்ச் கணக்கு 117 வெற்றி 117 தோல்வி. 2025-ல் முதல் முறை பெயர் வந்தபோது தேர்வாகவில்லை. அவர் அப்பா ஆர்ச்சி மேனிங்கும் குவாட்டர்பேக்தான். பெரும்பகுதி நியூ ஆர்லியன்ஸில் ஆடி 35 வெற்றி, 101 தோல்வி, 3 டிரா. அப்பாவை யாரும் வேறு போர்டில் சரியான வயசில் மாட்டிப் பார்க்கவே இல்லை. அவர் எவ்வளவு நல்லவர் என்பது கடைசி வரை தெரியாமலே போய்விட்டது.

ஸ்டாஃபோர்டுக்கு அந்த டெஸ்ட் நடந்தது. தேர்வுக் குழுவில் ஒவ்வொரு அணியின் ஊரிலிருந்தும் ஒரு பத்திரிகையாளர் உட்காருவார். ஒருவர் பெயர் வரும்போது, அவர் ஆடிய ஊரின் ஆள் எழுந்து அவருக்காக வாதாடுவது வழக்கம். பன்னிரண்டு வருஷம் இருந்த ஊரா, கோப்பை வாங்கிய ஊரா? அவர் பெயர் வரும் அன்றைக்கு எழுந்து பேசப்போவது யார் என்று எங்கள் ஹாஸ்டல் ரூமிலேயே இரண்டு பேர் பந்தயம் கட்டியிருக்கிறார்கள். நான் டெட்ராய்ட் ஆள் மேல் கட்டியிருக்கிறேன்.